கடலா, கம்பனியா

ஜூலை, திங்கள்
சோளகக் காற்று புழுதியை அள்ளிக் குசினிச் சட்டி பானைக்குள் கொட்டுகிறது. கருவாட்டுக்கு நல்லது, கண்ணுக்கில்லை.
வாங்க: உப்பு, சவர்க்காரம், இவருக்கு வலை பொத்த நூல்.
பின்னேரம் மகள் ஜெனி கொழும்பிலிருந்து ஃபோன் எடுத்தாள். கம்பஸில் சட்டம், மூன்றாம் வருடம். "அம்மா, கடல் சட்டமும் கம்பனிச் சட்டமும் ஒரே நேரத்தில வகுப்பு. ரெண்டில ஒண்டுதான் எடுக்கலாம். வெள்ளி மத்தியானத்துக்குள்ள சொல்லிப்போடவேணும்."
"ஏன், கோடேறி வழக்குப் பேசப்போற அப்புக்காத்து, ஒரு ஆள் ரெண்டு கதிரையில இருக்கேலாதோ?"
அவள் சிரிக்கவில்லை.

செவ்வாய்
கனடாவிலிருந்து தம்பி. "அக்கா, கம்பனிதான். கடல் படிச்சு மீனுக்கோ வழக்குப் பேசப்போறாள்?" அவளின் அறை வாடகை கட்டுவது அவன்தான். ஆகவே கதையும் அவனுடையது.
இவர் ஊசியோடு குந்தியிருந்து வலை பொத்துகிறார். றோலர்ப் படகு இழுத்துக் கிழித்த வலை. முறைப்பாட்டுக்குப் போனபோது கடற்றொழில் கந்தோரில் கேட்டார்கள், "எந்த இடத்தில? எங்கட கடலோ, வெளிக்கடலோ?"
"கடல்ல கோடு கீறியிருந்தாப் பாத்து வந்திருப்பம் ஐயா" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். வலைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் நின்று பதில் சொல்ல ஒருத்தி வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். பிள்ளையிடம் சொல்லவில்லை.

புதன்
மழை மூட்டம். கருவாடு உள்ளே, நாற்றமும் உள்ளே.
ஜெனி: "அம்மா, ஒருக்காலாவது பகிடி விடாமச் சொல்லுங்கோ. உங்களுக்கு எது விருப்பம்?"
நெஞ்சுக்குள் கடல். வாயில் வந்தது: "கம்பனியை எடு பிள்ளை. குளிர் அறை, குதி உயர்ந்த சப்பாத்து. கடல்ல என்ன கிடக்கு?"
எங்கள் வீட்டில் இதற்கு மறுபக்கம்தான் அர்த்தம். "வராதை, சோறு இல்லை" என்றால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள்.
"ஓம்" என்று வைத்துவிட்டாள்.

வியாழன்
கம்பனி என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். "நீங்கள்தானே சொன்னீங்கள்." குரல் செத்துப்போய்.
பிறந்ததிலிருந்து என் சொல் கேட்காதவள். இன்றைக்குத்தானா கேட்க வேண்டும்!
இவரிடம் சொல்லிக் கத்தினேன். ஊசியைக் கீழே வைத்தார். "அவளுக்குக் கடல்தான் விருப்பம். உன்ர வாயால வரட்டுமெண்டு பாத்துக்கொண்டிருந்தவள்."
அட மனிசா, நேற்றுச் சொல்லியிருக்கலாமே. உப்பு வாங்கவும் மறந்துபோனேன்.
நாளை மத்தியானம் வரை மாற்றலாம். ஃபோன் மடியில் கிடக்கிறது. பகிடி இல்லாமல் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?