குழாய் தின்ற காற்று

ஜூன் 8, செவ்வாய். (ஜப்பான் கணக்கில் 2603 என்று போட வேண்டுமாம். எனக்கு 1943தான்.)

காலையிலிருந்து மழை. எஸ்டேட்டுக்கு வந்த ஜப்பான் துரையின் உத்தரவு: காற்று டாங்கி எஞ்சின் பக்கத்தில் கூடாது, குண்டு விழுந்தால் வெடிக்கும். ரப்பர் உலர்த்தும் புகைவீட்டுக்குப் பின்னால் தள்ளினோம். நூற்றிருபது அடி. கிடைத்தது அரை அங்குலக் குழாய்.

அடைத்த காற்று ஒரே மூச்சில் உதைத்தால்தான் ரப்பர் ஷீட் உருட்டும் எஞ்சின் கிளம்பும். அரைச் சுற்றில் நின்றது. மூன்று தரம். தொட்டியில் ரப்பர் பால் புளிக்கிறது.

 நாளைக்குச் சரியாகிவிடும் என்று என் வீட்டுக்காரி செல்லம்மாவிடம் பொய். அவளுக்கு ஏழு மாதம்.

ஜூன் 9

டாங்கியின் அழுத்த முள் சிவப்புக் கோட்டில். இதற்கு மேல் ஏற்ற முடியாது. குழாயை எஞ்சின் முனையில் கழற்றிப் பார்த்தேன். ஊளைதான், உதை இல்லை. தண்ணீர் மாதிரி இல்லை காற்று. குழாயில் உரசினால் அழுத்தம் குறைகிறது. குறைந்தால் விரிகிறது. விரிந்தால் இன்னும் வேகம், வேகத்தால் இன்னும் உரசல். கடைசியில் குழாய் வாயிலேயே நெரிசல்.

துரை காரணம் கேட்டான். குழாய் காற்றைத் தின்கிறது என்பதைப் பயத்தில் அப்படியே மலாயில் சொல்லித் தொலைத்தேன்: "பைப் மக்கான் ஆங்கின், துவான்."

அறை. காது இன்னும் இரைகிறது.

கணக்கெழுதும் கிராணி முருகையா தலையில் அடித்துக்கொண்டார். "என்னய்யா நீ! மக்கான் ஆங்கின்னா ஊர் சுத்துறதுலா! பைப்பு உலாத்தப் போச்சுன்னு சொல்லிட்டியே!"

தெரியாதா எனக்கு? வாய் முந்திக்கொண்டது.

துரை சொன்னது: வெள்ளிக்குள் எஞ்சின் ஓடாவிட்டால் நான் சயாமில் மக்கான் ஆங்கின் போகலாம். போன மாதம் சயாம் ரயில் வேலைக்கு ஒன்பது பேர். ஒரு கடுதாசி இல்லை.



ஜூன் 10

ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் டென்னிஸ் வேலி. கம்பங்கள் எல்லாம் ஒன்றரை அங்குலக் குழாய்! கேட்காமலே பிடுங்கினோம். கேட்டால் வேண்டாம் என்பான்.

ஒன்றோடொன்று முறுக்கிச் சேர்க்க மரை வெட்டி முடித்தது பதினொன்று. இன்னும் நாலு. மிஷின் எண்ணெய் இல்லை, தேங்காயெண்ணெய் விட்டேன். குழாய் அகலம், உரசல் குறையும், உதை வரும். வரணும். முனியாண்டி சாமி.

ஜூன் 11, வெள்ளி

காலை பத்து மணி. வால்வைத் திறந்தேன். ஒரே உதை. எஞ்சின் எடுத்துக்கொண்டது!

முருகையா அழுதுவிட்டார். நானும்தான்.

துரை சிரித்தான். டாங்கியிலிருந்து எஞ்சின் வரை குழாயைத் தடவிக்கொண்டே நடந்தான். "பகூஸ்." பிரமாதமாம். என் பேர் கேட்டான், முருகையாவை எழுதச் சொன்னான். சயாம் ரயில் பாதையில் பாறை துளைக்கும் மிஷினுக்கெல்லாம் காற்றுக் குழாய்தானாம், மைல் கணக்கில். உன்னைப்போல் ஆள் அங்கே இல்லை என்றான். திங்கட்கிழமை லாரி.

எஞ்சின் சத்தம் நாங்கள் குடியிருக்கும் லயம் வரை கேட்டதாம். செல்லம்மா மரவள்ளி அவித்து வைத்திருக்கிறாள், எங்கேயோ வாங்கிய வெல்லத்தோடு.

"இனிமே பயமில்லலா?" என்கிறாள்.