தொய்ந்த கயிறு

மார்ச் 4

ஆஸ்பத்திரி. கல்லூரிப் படிக்கட்டில் சறுக்கி விழுந்ததில் வலது தொடை எலும்பு, முட்டிக்குச் சற்று மேலே முறிந்துவிட்டது. அறுத்துத் தகடு வைக்கலாம், அல்லது அறுக்காமலே எடை கட்டி இழுத்து வைத்துச் சேரவிடலாம் என்றார் டாக்டர். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது இவர்.

"கத்தியெல்லாம் வேணாம் டாக்டர். அவளுக்கென்ன, லீவு போட்டுட்டுப் படுத்துக்கட்டும்."

முறிந்தது கால். என் வாய்க்கு என்ன வந்தது?

மார்ச் 6

காலில் பட்டை, பட்டையிலிருந்து கயிறு, கட்டிலின் கால்மாட்டில் கப்பி, அதற்கு அப்பால் தொங்கும் எடை. வருஷாவருஷம் நான் நடத்தும் பாடம். இப்போது நானே சோதனைப் பொருள். "எடை தொங்கிக்கிட்டே இருக்கணும். இல்லேன்னா எலும்பு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, கால் குட்டையாயிடும்" என்றார் டாக்டர். படுத்தபடி எனக்குக் கப்பி வரைதான் தெரிகிறது.

மார்ச் 9

வலி. எழுத முடியவில்லை.

மார்ச் 13

மத்தியானம் இவர் வந்து உட்கார்ந்தால் வலி விட்டுவிடுகிறது. தூங்கிக்கூடப் போகிறேன். அக்காவிடம் சொன்னேன். "இத்தனை வருஷம் கழிச்சு ஹனிமூனாடி?" என்று சிரித்தாள். வெட்கமாக இருந்தது. ஒருவேளை இந்த மனுஷனை நான்தான் புரிந்துகொள்ளவில்லையோ?

மார்ச் 20

நர்ஸ் போட்ட கத்தலில் விழித்தேன்.

"யார் சார் வெயிட்டத் தூக்கி ஸ்டூல் மேல வெச்சது?"

"நான்தான். கிளம்பும்போது தினமும் இறக்கி விட்டுடறேனே! இவ முனகறத எவ்வளவு நேரம் கேக்கறது? பேப்பர் படிக்க முடியல."

"முனகினா முனகட்டும் சார்! கால் சேர வேணாமா?"

பேப்பர் படிக்க. கேட்டியாடி? பேப்பர் படிக்க! இதைப் போய் நீ அன்புன்னு—

ஏப்ரல் 22

எக்ஸ்ரே. எலும்பு ஏறித்தான் சேர்ந்திருக்கிறது. இனி மாவுக்கட்டு.

"கொஞ்சம்தானே குட்டை. செருப்புல அட்டை வெச்சாத் தெரியாது" என்றார் இவர்.

யாருக்குத் தெரியாது?

ஜூலை 8

வலது செருப்புக்கு உயரமான அடித்தட்டு வைத்து, மறுபடி கல்லூரி. அக்கா வீட்டிலிருந்து ஒரே பஸ்தான். காலையிலேயே இவர் போன். "ஒரு ஸ்டூலுக்காகவாடி வீட்ட விட்டுப் போவாங்க?"

வகுப்பில் கப்பி மாட்டி எடையைத் தொங்கவிட்டேன். பிறகு ஸ்டூலை இழுத்து, எடையைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். கயிறு தொய்ந்தது.

"இப்போ கயித்துல இழுவிசை எவ்வளவு?"

"ஒண்ணுமே இல்ல மேடம்!"

கொஞ்சமும் யோசிக்கவில்லை பிள்ளைகள்.