கெட்டிக் கஞ்சி

1943 ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

ஓமலூர்ப் பக்கம் சர்க்கார் நடத்தும் கஞ்சித் தொட்டிக்குப் போனேன். வருவதாக அதிகாரிகளுக்கு முன்பே எழுதிப் போட்டது என் தவறு. கஞ்சி கெட்டியாக இருந்தது. வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணிடம், தினமும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"நீங்க வந்திருக்கீங்கல்ல, அதானுங்க. நேத்து ஊத்துனதுல மொகம் பாத்துக்கலாம்."

மீதி அரிசி எங்கே போகிறது? அதைப் பத்திரிகையில் எழுதுவேன் என்றேன். அவள் பயந்துவிட்டாள்.

"எழுதிப்போடாதீங்க சாமி. தர்மம் பண்றது தண்டச் செலவுன்னு தொட்டியவே மூடிப்போடுவாங்க. தெனமும் இப்படி வந்து நின்னீங்கன்னா போதும்."

வரிப்பணத்தில் சர்க்கார் தர்மம் செய்யலாமா என்று ஆசிரியர் கட்டுரை கேட்டிருக்கிறார். செய்யலாம் என்பதற்கு மேல் ஒரு வரியும் ஓடவில்லை. நாளையும் தொட்டிக்குப் போகிறேன், முன்கூட்டிச் சொல்லாமல். முதல் பஸ் ஐந்தரைக்கு.