உங்கள் பெட்டியில் இருந்த என் அட்டைகள்

சார்,

அந்துருண்டை வாசனை இன்னும் என் விரல்களில் இருக்கிறது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. நீங்கள் இறந்த பிறகு, பெரியநாயக்கன்பாளையத்து வீட்டிலிருந்து உங்கள் மகள் கொண்டுவந்து இறக்கிய நான்கு இரும்புப் பெட்டிகளையும் நான்தான் திறந்தேன். நீங்கள் ஓய்வு பெறும்வரை நூலகராக இருந்த அதே கல்லூரியில், உங்கள் நாற்காலியில் இப்போது நான் இருக்கிறேன். "அப்பா பேர்ல ஒரு அலமாரி வெக்கோணுங்க அக்கா. அவருக்கு இந்த லைப்ரரிதான் எல்லாமே" என்றார் உங்கள் மகள். நல்ல பெண். உங்களைப் போலில்லை.

உதவி நூலகராக நான் சேர்ந்த காலத்தில், நம் வட்டாரத்தில் அச்சான பழைய கும்மிப் பாட்டுப் புத்தகங்களும் கோயில் விழா மலர்களும் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் வீடுகளில் செல்லரித்துக்கொண்டிருந்தன. ஞாயிறுதோறும் பஸ் ஏறி கொடுமுடிக்கும் வெள்ளகோவிலுக்கும் போவேன். சில வீடுகளில் என் அப்பா யார், எந்தத் தோட்டத்தில் கூலி வேலை செய்தார் என்று முதலில் விசாரிப்பார்கள். பிறகு புத்தகத்தை வாசல்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அந்தப் படியிலேயே உட்கார்ந்து, நூலின் பெயர், ஆசிரியர், அச்சான ஆண்டு என்று நூலுக்கு ஓர் அட்டையாக எழுதினேன். ஆறு வருடம். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த ஞாயிறுகளிலும் போனேன்.

சரிபார்த்துத் தருகிறேன் என்று அட்டைகளை வாங்கிக்கொண்டீர்கள். அடுத்த வருடம் அவை நூலடைவாக, ஒரே நூற்பட்டியல் புத்தகமாக அச்சாகி வந்தன, உங்கள் பெயரில். முன்னுரையில் தட்டச்சு செய்தவருக்குக்கூட நன்றி இருந்தது. என் பெயர் எங்கும் இல்லை.

உங்கள் அறைக்கு வந்து கேட்டேன். நீங்கள் குரலை உயர்த்தவேயில்லை. "ஏனுங்க அம்மணி, உங்க வீட்டுல இருந்து வந்து இங்க நாற்காலில உக்காந்திருக்கறதே பெருசில்லீங்களா? இன்னும் பேரும் வேணுமுங்களா?" அந்த மரியாதையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மறுவாரமே, என் பொறுப்பில் இருந்த புத்தகங்கள் காணவில்லை என்று கல்லூரி முதல்வருக்கு எழுதினீர்கள். என்னைப் பின்கட்டிடத்துப் பாடநூல் கிடங்குக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு பதினொரு வருடம் தள்ளிப்போனது. நூலடைவுக்காக உங்களுக்குப் பொன்னாடை போர்த்திய கூட்டத்தில், கடைசி வரிசையில் நின்று நானும் கை தட்டினேன். தட்டாவிட்டால் அதையும் எழுதி அனுப்புவீர்கள்.

மூன்றாவது பெட்டியில் கிடைத்தன. நாடா போட்டுக் கட்டிய என் அட்டைகள், என் கையெழுத்தில். சிலவற்றின் ஓரத்தில் சிவப்பு மையில் உங்கள் திருத்தம். அவற்றுக்கு அடியில் முதல்வருக்கு எழுதிய கடிதத்தின் கார்பன் நகல். அதற்கும் அடியில், காணாமல் போனதாக நீங்கள் சொன்ன புத்தகங்களில் இரண்டு, நம் கல்லூரி முத்திரையோடு. எதையும் எறியத் தெரியாத நூலகர் நீங்கள். அந்தப் பழக்கமே உங்களைக் காட்டிக்கொடுத்தது.

உங்கள் மகளிடம் உடனே சொல்லவில்லை. முதலில் நன்கொடைப் படிவத்தை நீட்டினேன். 'பெட்டிகளில் உள்ள அனைத்தும்' என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். பிறகுதான் அட்டைக் கட்டையும் கடித நகலையும் அவர் முன் வைத்து, நடந்ததைச் சொன்னேன். கார்பன் நகலை இரண்டு முறை படித்தார்.

"இதை மட்டும் எடுத்துப்போடலாமுங்களா அக்கா?"

"முடியாதுங்க. இனி இது லைப்ரரி சொத்து."

"தெரிஞ்சேதான் மொதல்ல கையெழுத்து வாங்கிப்போட்டீங்களா?"

"ஆமாங்க."

அவர் அழவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, "வாரேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் படிவத்தைக் கிழிக்கவும் இல்லை.

அலமாரி திறந்தாயிற்று. மகள் கேட்டபடி உங்கள் பெயர்ப்பலகை இருக்கிறது. கண்ணாடிக்குள் உங்கள் புத்தகத்தை விரித்து, அந்தப் பக்கத்துக்கு உரிய என் அட்டைகளை அருகில் வைத்தேன். அப்புறம் கடிதத்தின் நகல், அந்த இரண்டு புத்தகங்கள். விளக்கத் தாளில் ஒரு வசைச்சொல் கிடையாது. யார் எழுதியது, யார் பெயரில் வந்தது, எந்தப் பெட்டியில் கிடைத்தது, அவ்வளவுதான். உங்களோடு வேலை பார்த்த பேராசிரியர் ஒருவர் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"செத்துப்போன மனுசனை இப்படிப் பண்ணலாமுங்களா?"

"உசுரோட இருந்த என்னைப் பண்ணுனப்ப நீங்களும் இங்கதானுங்களே இருந்தீங்க" என்றேன். அவர் படியிறங்கிப் போனார்.

நேற்று ஈரோட்டிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்திருந்தார். வெகுநேரம் கண்ணாடி முன் நின்றவர், "இதையெல்லாம் தேடி எழுதினது நீங்கதானுங்களா?" என்று கேட்டார். "நான்தானுங்க."  

ஆனாலும் கோபம் தணியவில்லை, சார். ஊரெல்லாம் படிக்கிறது, நீங்கள் ஒருவர்தான் படிக்கவில்லை. போன வருடம் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தேனே, நினைவு தெளிவாகத்தான் இருந்தது உங்களுக்கு. ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்து, கும்பிட்டுவிட்டு, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பி வந்தேன். அன்று கேட்காமல் விட்ட கேள்வியைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அதற்காக உங்களையும் மன்னிக்கவில்லை, என்னையும் மன்னிக்கவில்லை.