சீமை பீரும் நைனாவின் சுண்டக்கஞ்சியும்

தை மாதம், செவ்வாய் இரவு.

பட்டாளத்து மாமா ஒளித்துக் கொண்டுவந்த சீமை பீரை நைனா இன்று ஒரு வாய் குடித்தார். "இன்னா மச்சான், வேப்பிலைத் தண்ணியாட்டம் கீது!" என்று துப்பினார். பிறகு, தான் சோற்றைப் புளிக்கவைத்துச் செய்த சுண்டக்கஞ்சியை ஊற்றினார். மாமாவோடு வந்திருந்த சிநேகிதர் இரண்டையும் குடித்துவிட்டு, "சீமைச் சரக்கு இதுகிட்ட நிக்காதுப்பா" என்றார். நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை.

பள்ளிக்கூடம் போகும் வழியில் அந்தச் சிநேகிதரை மதுவிலக்குப் போலீசின் காக்கி உடுப்பில் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டுச் சாராயப் பானையை உடைத்து, வீட்டுக்காரரைக் கையைக் கட்டி இழுத்துப்போனார். இன்று சிநேகிதர் கிளம்பியதும் இதை நைனாவிடம் சொன்னேன்.

"தெரியும் கண்ணு. குடிச்ச வாயோட என்னப் புடிச்சிக்கினு போவானா?" என்று சிரித்தார்.

நைனா தூங்குகிறார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. குடிக்கும்போது அந்த ஆள் நைனாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. நைனா கஞ்சிப் பானையைப் புதைத்திருக்கும் வைக்கோற்போரையே பார்த்துக்கொண்டிருந்தார்.