வலையில் ஏறாத கடைசி அட்டை

இன்று காலை எட்டாம் வகுப்பறையைத் திறந்ததுமே மீன் வாடை. ராத்திரி பெய்த மழையில் சுவரெல்லாம் ஓதம். பின்சுவரில் நீ மாட்டிவிட்டுப் போன பழைய வலையும் ஈரத்தில் ஊறிக் கிடந்தது. முகத்துவாரக்குப்பத்தில் உன் அண்ணன் வீட்டிலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாயே, அதே வலைதான். எத்தனை முறை அலசினாலும் மழை வந்தால் அதற்குக் கடல் ஞாபகம் வந்துவிடுகிறது. எனக்கு உன் ஞாபகம் வந்தது. கோடை விடுமுறையில் நெஞ்சுவலி என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லையே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வலை வந்த கதை, இப்போது எட்டாவதில் இருக்கும் கோமதியிடமிருந்து தொடங்கியது. அப்போது அவள் ஆறாவது. என் அறிவியல் தேர்வில் ‘கொதித்தலையும் ஆவியாதலையும் ஒப்பிடுக’ என்று கேட்டிருந்தேன். இரண்டையும் பற்றித் தனித்தனியாகப் பிழையில்லாமல் எழுதியிருந்தாள். ஒப்பிடவே இல்லை. தமிழ் டீச்சரான உன்னிடம் தாளைக் காட்டினேன். நீ அவளைக் கூப்பிட்டாய்.

“சங்கராவும் வஞ்சிரமும் எதுல ஒண்ணு, எதுல வேற? சொல்லுடி.”

அவள் அம்மா மீன் விற்கிறவள். கோமதி மூச்சு விடாமல் கொட்டினாள்.

“இதுக்குப் பேர்தான் ஒப்பிடறது” என்று அவளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாய். “பாடம் தெர்து டீச்சர் இதுங்களுக்கு. கேள்வி இன்னா கேக்குதுன்னுதான் தெர்ல. அத்த எவனும் சொல்லித் தர்ல.”

அடுத்த வாரமே வலை வந்தது. ஒப்பிடுதல், ஊகித்தல், மையக்கருத்து, முரண்பாடு என்று ஒவ்வொரு சொல்லையும் அட்டையில் எழுதி, பாடத்தில் விளக்குவாய். உடனே மாட்டமாட்டாய். பிள்ளைகளில் யாராவது தன் சொந்தக் காரியத்துக்கு அந்தச் சொல்லை எடுத்துப் பேச வேண்டும். அப்போதுதான் துணிக்கிளிப் போட்டு வலையில் ஏற்றுவாய். “நேத்து மீஞ்சூர் போனேன்னு சொன்ன, இப்போ வூட்லயே தூங்கிக்கினு இருந்தேன்ற. இது முரண்பாடுடா!” என்று ஒருத்தி சண்டையில் கத்தினாள். அடிதடியை விலக்காமல் முதலில் அட்டையைத் தேடி ஓடினாயே, பாவி!

ஆசிரியர் அறையில் உன்னைக் கேலி செய்தார்கள். தமிழ் டீச்சரே இப்படிப் பேசினால் பிள்ளைகள் உருப்படுமா என்றார்கள். “எங்க பேச்சு எங்களுக்கு கீது. பரீட்சை பேச்சும் வேணும். ரெண்டும் வெச்சிக்கினா உங்களுக்கு இன்னா பேஜாரு?” என்றாய்.

கடைசியாக நீ எழுதிய அட்டை ‘சான்று’. விடுமுறைக்கு முன்பு விளக்கினாய். யாரும் எடுத்துப் பேசவில்லை. நீ போன பிறகு அதை மாட்டிவிடலாமா என்று பலமுறை தோன்றியது. உன் கையெழுத்து. ஆனால் மாட்டினால் நீ திட்டுவாய் என்று என் மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தேன்.

இன்று முற்பகல் மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கையில் மெலிந்த பயிற்சிப் புத்தகக் கட்டு. புரட்டிப் பார்த்தேன். கோடிட்ட இடத்தை நிரப்பு, பொருத்து. அவ்வளவுதான். ஒப்பிடு இல்லை, காரணம் கூறு இல்லை. இனி இந்த வகுப்புக்கு இதுதானாம். “இந்த ஏரியா பசங்களுக்கு எதுக்கு மேடம் இவ்ளோ பெரிய வார்த்தை? எழுதப் படிக்கத் தெரிஞ்சா போதாதா?” என்றார், பிள்ளைகள் எதிரிலேயே. வலையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். “இந்தக் கலீஜ முதல்ல கழட்டுங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நம் எண்ணூருக்கென்று தனிக் கேள்வித்தாள் தரப்போகிறார்களா? அன்றைக்கு இந்தப் பிள்ளைகள் கேள்வியைப் பார்த்து முழித்தால், படிப்பு வராத கூட்டம் என்று எழுதப்போவதும் இதே ஆட்கள்தானே! இதைக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி எழுந்துவிட்டாள்.

“சார், பெரிய வார்த்தை எங்களுக்கு வேணான்றீங்களே, அதுக்கு இன்னா சார் சான்று?”

“உட்காரும்மா” என்றார் அவர். கோமதி உட்காரவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள். அவர் என்னிடம் திரும்பி, திங்கட்கிழமைக்குள் வலை இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இழுப்பறையைத் திறந்தேன். உன் அட்டையைக் கோமதி கையில் கொடுத்தேன். கிளிப்பை நான் நீட்டினேன், அவள் மாட்டினாள்.

வலையை நான் கழற்றப்போவதில்லை. திங்கட்கிழமை அவரே வந்து, இந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு சொல்லாகக் கழற்றட்டும். இனி வரப்போகும் அட்டைகள் என் கையெழுத்தில் இருக்கும். உன்னுடையதைப் போல அழகாக இருக்காது, பொறுத்துக்கொள்.