மணி, எங்கடா கீற?

என் ஒரே தம்பி, அம்மாவின் செல்லமகன் மணிக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஜவ்வாது மலையை விட்டு இறங்கி ஒடுகத்தூரில் வாழ்க்கைப்பட்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன்மேல் இருந்த வயிற்றெரிச்சல் மட்டும் நீ போன பிறகும் அடங்கவில்லை. செத்தவன்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன்டா.

உனக்கு முதல் வலிப்பு வந்த அன்றிலிருந்து அம்மா உன்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். சாமைக் கொல்லையில் களை எடுத்தாலும், அடுப்பில் களி கிண்டினாலும், கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் தலையைத் தூக்கி, "மணி, எங்கடா கீற?" என்பாள். நீ எங்கிருந்தாலும் "இங்கதாம்மா கீறேன்" என்று கத்த வேண்டும். பதில் வரவில்லையென்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடுவோம். நீ விழுந்து கிடந்தால் அம்மா இடுப்புச் சாவியை எடுத்து உன் கையில் திணிப்பாள். இரும்பெல்லாம் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வை, மாத்திரையை நிறுத்தாதே என்று நர்சம்மா சொன்ன பிறகு சாவியை விட்டாள். கூப்பிடுவதை விடவில்லை.

என்னை யார் கூப்பிட்டார்கள்? விறகுக்குப் போய் இருட்டிய பிறகு வந்தாலும், "வந்துட்டியா? தண்ணி மொண்டு வை" என்பதோடு சரி. ஒருநாள் கேட்டேவிட்டேன், "என்னை மட்டும் ஏம்மா தேட மாட்டேங்கற?"

"உனுக்கு இன்னாடி கொறச்சல்? கல்லாட்டம் கீற" என்றாள். உடம்பு நன்றாக இருப்பது ஒரு குற்றமா, நீயே சொல்.

பிள்ளை பிறந்தால் அதன் பேருக்கு ஒரு புளியமரத்தை விடுவது நம் வீட்டு வழக்கம். எனக்கு ஓடையோரத்து நோஞ்சான் மரம், உனக்குப் பாறைமேட்டுப் பெரிய மரம். உன்னை ஏறவிட முடியாது, அப்பாவுக்கோ முட்டிவலி. பெண்பிள்ளை மரமேறலாமா என்று கேட்ட ஊர் பார்க்கப் பார்க்க, உன் மரத்தில் ஏறிக் கிளையை உலுக்கியது நான்தான். உச்சியில் நான் தொங்குவேன். கீழே விரித்த சேலையில் உட்கார்ந்து நீ புளி பொறுக்குவாய். பாறைக்கு அந்தப் பக்கம் புளியின் ஓட்டை உடைத்துக்கொண்டிருக்கும் அம்மா உன்னைத்தான் கூப்பிடுவாள். நீ வேண்டுமென்றே வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய். அவள் பதறி இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகே பதில் சொல்வாய். இறங்கி வந்து உன்னை நாலு மொத்து மொத்தலாம் போலிருக்கும் எனக்கு.

கடைசியாக நீ ஓடைக்குக் குளிக்கப் போனாய். வளர்ந்த ஆம்பளைக்குத் துணை எதுக்கு என்று தனியாகவே போனாய். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அம்மா மேட்டிலிருந்து கூப்பிட்டாள், பதில் இல்லை. வழக்கமான விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். இரண்டாம் தரமும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஓடினாள்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் கூப்பிடுவதில்லை. உன் மரத்தையும் யாரையும் தொட விடவில்லை. போன வருஷம் புளியெல்லாம் உதிர்ந்து மாட்டுக் காலில் மிதிபட்டது. நான் உயிரோடு இருக்கிறேன், என் மரத்தை ஒருவரும் இப்படிக் காவல் காத்ததில்லை.

இந்தப் பங்குனியில் மலைக்கு வந்து, "நான் ஏறப்போறேன்" என்று சொல்லிவிட்டேன். அப்பா பழைய சேலையை எடுத்துக் கொடுத்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பாறைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

உச்சிக்குப் போய்க் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினேன். கிளைச் சத்தம் நின்றது. அப்போதுதான் கேட்டது.

"மணி, எங்கடா கீற?"

வாய் தவறி வந்துவிட்டது அவளுக்கு. மரத்தின்மேல் இருப்பது நான், பேர் உன்னுடையது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அது என் பேர் இல்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கீழே முறம் விழுந்தது. அம்மா ஓடிவந்து அண்ணாந்து பார்த்தாள். "செல்வி, அடியே செல்வி, எங்கடி கீற? வாயத் தொறடி."

பிறந்ததிலிருந்து நான் காத்திருந்த குரல் அது. இன்னொரு தரம் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இலைகளுக்கு நடுவே அவள் முகம் தெரிந்ததடா. உன்னைத் தேடி ஓடைக்கு ஓடினாளே, அதே முகம். "இங்கதாம்மா கீறேன்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

பொறாமை தீர்ந்ததா என்று கேட்காதே. முதலில் கூப்பிட்டது உன்னைத்தானே? ஆனாலும் ஒரு வாக்கு தருகிறேன். அடுத்த பங்குனிக்கும் உன் மரத்தில் ஏறுவேன். அம்மா உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் நானே பதில் சொல்வேன். முதல் தரத்திலேயே சொல்வேன்.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னால் நின்ற அக்கா,
செல்வி